குவாண்டம் ஆய்வகத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் தந்தது. 2030-31 வரைக்குமான ஒதுக்கீடு 6,003.65 கோடி ரூபாய். அந்த இயக்கத்தை நம்பி இன்று நாடு முழுக்க இளம் பிள்ளைகள் ஆய்வகங்களில் சேர்கிறார்கள். அவர்களில் பலர் நம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து போனவர்கள், வீட்டில் முதன்முதலாக இயற்பியல் முதுகலை முடித்தவர்கள். லேசர் மேசையோடும் திரவ ஹீலியத்தோடும் வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றிருக்கும் எனக்கு அவர்களிடம் சொல்லச் சில விஷயங்கள் உண்டு. எண் போட்டுச் சொல்கிறேன். பின்னால் தேடி எடுக்க வசதியாக இருக்கும்.

1. முதலில் திட்டத்தை முழுதாகப் படியுங்கள்.

சேர்ந்து ஓராண்டு ஆன மாணவரிடம், இயக்கத்தின் எந்த இலக்குக்காக உழைக்கிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கைடின் பெயர்தான் பதிலாக வருகிறது. அது போதாது. நாடு சொல்லியிருக்கும் இலக்குகள் இவை: எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை கொண்ட கணினிகள்; 2,000 கி.மீ. இடைவெளியுள்ள தரைநிலையங்களுக்கு இடையே செயற்கைக்கோள் வழியாக ரகசியச் சாவிப் பரிமாற்றம். நகரங்களுக்கு இடையே அதே 2,000 கி.மீ.க்குக் கண்ணாடி இழை வழியாகப் பரிமாற்றம். குவாண்டம் நினைவகங்கள் பொருத்திய பலமுனை வலையமைப்பு. நுண்ணிய காந்தமானிகளும் அணுக்கடிகாரங்களும். இவை எல்லாவற்றுக்கும் வேண்டிய மீகடத்திகள், புதுவகைக் குறைக்கடத்திகள்.

2024 செப்டம்பரில் நான்கு மையங்கள் அறிவிக்கப்பட்டன. கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். தகவல்தொடர்புக்குச் சி-டாட்டுடன் சேர்ந்து சென்னை ஐ.ஐ.டி. உணர்விகளுக்கும் அளவியலுக்கும் மும்பை ஐ.ஐ.டி. பொருள்களுக்கும் சாதனங்களுக்கும் டெல்லி ஐ.ஐ.டி. இந்த நான்கின் கீழ் 14 தொழில்நுட்பக் குழுக்கள், 17 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் பரவியிருக்கின்றன.

உங்கள் வேலை இதில் எந்த வரியைச் சேர்ந்தது என்று தெரிந்தால், எது அவசரம், எதைப் பிறகு பார்க்கலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். அணுக்கூட்டத்துக்குள் ஒளியை நெடுநேரம் தேக்கிவைப்பது அழகான இயற்பியல். ஆனால் வலையமைப்பைக் கட்டுகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அந்த நினைவகம் தொலைத்தொடர்பு இழையில் ஓடும் 1,550 நானோமீட்டர் ஒளியோடு ஒத்துப்போகுமா என்பது. இந்தக் கேள்வியைக் கைடு கேட்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

2. எத்தனை க்யூபிட் என்று கேட்டால், எண்ணோடு நிறுத்தாதீர்கள்.

ஊருக்குப் போனால் மாமா கேட்பார், விழாவில் நிருபர் கேட்பார். 2024-இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 6 க்யூபிட் செயலி ஒன்று சோதித்து முடிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் பெங்களூரு நிறுவனம் ஒன்று 25 க்யூபிட் கணினியை அறிவித்தது. கூகுளின் வில்லோ சில்லில் 105. இப்படி வரிசைப்படுத்தினால் ஓட்டப்பந்தயம் போலத்தான் தெரியும்.

எண்ணைச் சொல்லும்போது கூடவே இரண்டைச் சொல்லுங்கள். ஒரு க்யூபிட் தன் நிலையை எவ்வளவு நேரம் காக்கிறது? இரண்டு க்யூபிட்களைச் சேர்த்து ஒரு செயலை நடத்தினால் எத்தனை முறைக்கு ஒரு பிழை? 1999-இல் ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் நாகமுராவும் உடனிருந்தவர்களும் முதல் மீகடத்தி க்யூபிட்டைக் காட்டியபோது அது தன் நிலையைக் காத்தது சில நானோ நொடிகள். இன்று நல்ல ஆய்வகங்களில் நூறு மைக்ரோ நொடியைத் தாண்டிவிட்டது. பல்லாயிரம் மடங்கு ஏற்றம். அதைக் கொண்டுவந்தவர்கள் உலோகப் படலத்தின் மேற்பரப்பில் ஒட்டிய அழுக்கையும், அடித்தட்டின் குறைகளையும், அளவுக்கம்பி வழியே உள்ளே இறங்கும் வெப்பத்தையும் ஒவ்வொன்றாகத் துரத்தியவர்கள். வில்லோவில் என்னைக் கவர்ந்ததும் 105 என்ற எண் அல்ல. பிழைதிருத்தக் கட்டத்தின் அளவை 3, 5, 7 என்று பெரிதாக்கும்போது, ஒவ்வொரு படியிலும் பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முன்பு கட்டத்தைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் பிழையும் கூடத்தான் செய்தது.

நம் 6 க்யூபிட் செயலியைப் பார்த்து யாராவது உதட்டைப் பிதுக்கினால் மனம் சுருங்க வேண்டாம். அதன் வளைய ஒத்ததிர்வி அமைப்பு டாட்டா நிறுவனத்திலேயே யோசிக்கப்பட்டது, சில்லும் அங்கேயே செய்யப்பட்டது. அது எனக்குப் பெரிய விஷயம். ஏன் என்பதை அடுத்ததில் சொல்கிறேன்.

3. எண்ணம் இங்கே இருந்தது, மேசை இல்லை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குவாண்டம் சாவிப் பரிமாற்றத்தின் முதல் நெறிமுறையான பி.பி.84 எங்கே வெளியானது என்று கேட்டால் நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. பெங்களூரில், 1984 டிசம்பரில். கணினி, சமிக்ஞைத் துறை சார்ந்த ஒரு பன்னாட்டு மாநாடு. விரும்பிய தலைப்பில் பேசலாம் என்ற அழைப்போடு வந்த கனடாக்காரர் ஜில் பிராசார், சார்லஸ் பென்னட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையை அங்கே வைத்தார். ஐந்தாண்டு கழித்து அவர்களும் கூட்டாளிகளும் ஐ.பி.எம். ஆய்வகத்தில் சுமார் 30 செ.மீ. இடைவெளிக்கு அதை நடத்திக் காட்டினார்கள். கட்டுரை பிறந்த நாட்டில், பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் நடுவே 100 கி.மீ.க்கு மேல் புழக்கத்திலிருந்த வணிக இழை வழியாக டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சாவியைப் பரிமாறிக் காட்டியது 2022 பிப்ரவரியில்.

இது ஒன்று மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்த இ.சி.ஜி. சுதர்சன், கொரினி, கொசகோவ்ஸ்கி ஆகியோருடன் 1976-இல் எழுதிய சமன்பாடு, ஒரு குவாண்டம் அமைப்பு சுற்றுப்புறத்தோடு உரசித் தன் ஒத்திசைவை இழப்பதைக் கணக்கிடுகிறது. அதே ஆண்டில் லிண்ட்பிளாடும் தனியே அதற்கு வந்து சேர்ந்தார். இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் க்யூபிட்டின் ஆயுளைக் கணக்கிட்டாலும் கணினித் திரையில் ஓடுவது அந்தச் சமன்பாடுதான். ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் பஞ்சரத்தினம் 1956-இல், இருபதுகளின் தொடக்கத்தில், ஒளியின் முனைவாக்கத்தில் கண்ட வடிவியல் கட்டம், முப்பது ஆண்டு கழித்து பெர்ரியின் கட்டத்துக்கு முன்னோடி என்று உலகம் ஒப்புக்கொண்டது. சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஆர். சைமன் 2000-இல் தொடர்மாறிகளின் பின்னலைச் சோதிக்கும் அளவுகோலை எழுதினார். அதே இதழில், அதற்கு முந்தைய பக்கங்களில் ஐரோப்பியக் குழு ஒன்றின் கட்டுரையும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்தவை.

கரும்பலகையில் நாம் யாருக்கும் பின்தங்கியிருக்கவில்லை. பக்கத்து அறையில் அதைச் செய்து பார்க்க மேசை இல்லை, டிடெக்டர் இல்லை, டிடெக்டர் பழுதானால் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. சைமனின் அளவுகோலைக் கொண்டு பின்னலை அளந்த பெரும்பாலான கட்டுரைகள் வேறு நாட்டு முகவரிகளிலிருந்து வந்ததைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்தவன் நான். தேசிய இயக்கம் என்ற ஒன்று எதற்காக என்று என்னைக் கேட்டால், கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காக என்பேன். மற்ற இலக்குகள் அதன் பின்னால் வரட்டும்.

4. ஒரு கருவியையாவது அடி முதல் நுனி வரை உங்கள் கையால் செய்யுங்கள்.

மீகடத்தி க்யூபிட் ஏறக்குறைய 5 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அந்த அலையின் ஆற்றல் 0.24 கெல்வின் வெப்பத்துக்குச் சமம். சுற்றுப்புறம் அதைவிடப் பல மடங்கு குளிர்ந்திருந்தால்தான் க்யூபிட் கலங்காமல் இருக்கும். ஆகவே 10, 20 மில்லிகெல்வினுக்கு இறங்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜ் வேண்டும். பின்லாந்து, பிரிட்டன் போன்ற சில நாடுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களே அதைச் செய்கின்றன. அதற்குள் ஓடும் ஹீலியம்-3 டிரிட்டியம் சிதைவதால் கிடைக்கும் வாயு. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் சரக்கல்ல. 2024-இல் பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகியவை குவாண்டம் கணினிகளையும் அவற்றோடு சேர்ந்த சில குளிரூட்டும் கருவிகளையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டன. இன்று விலைக்கு வருவது நாளைக்கும் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

நம் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களின் கதை எல்லோரும் படிக்க வேண்டியது. 2013-இல் ஏவிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நேரம் சொல்ல முடியாத வழிகாட்டிக் கோளால் இடம் சொல்லவும் முடியாது. பதிலுக்கு 2017 ஆகஸ்டில் அனுப்பியது, வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2018 ஏப்ரலில் அனுப்பிய அடுத்தது இடம் சேர்ந்தது. இதற்கிடையே அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் சொந்தமாக ரூபிடியம் கடிகாரம் செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01-இல் அந்தக் கடிகாரம் மேலே போனது. அணுக்கடிகாரமும் குவாண்டம் கருவிதான். குவாண்டம் இயக்கத்தின் இலக்குப் பட்டியலில் அணுக்கடிகாரம் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நின்றுபோன அந்த மூன்று கடிகாரங்கள் நினைவுக்கு வருகின்றன.

எல்லாவற்றையும் நாமே செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் ஐந்தாண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். லேசரின் அலைநீளத்தை அணுவோடு பூட்டும் மின்சுற்றாக இருக்கலாம், ஒற்றை ஃபோட்டான் டிடெக்டரின் குளிர்ப்பெட்டியாக இருக்கலாம், மைக்ரோ அலைப் பெருக்கியாக இருக்கலாம். வாங்கினால் ஆறு மாதம் மிச்சம் என்று கைடு சொல்லக்கூடும். பணிவோடு வாதாடுங்கள். செய்தவருக்குத்தான் அது எங்கே பழுதாகும் என்று தெரியும்.

ஊட்டி முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும்படி கோவிந்த் ஸ்வரூப்பின் குழு அதைக் கட்டியது. 1970-இல் அது இயங்கத் தொடங்கியது. உள்நாட்டிலேயே வடிவமைத்து, உள்நாட்டிலேயே கட்டியது. அங்கே பயின்ற கைகள்தான் பிறகு புனே அருகே மாபெரும் தொலைநோக்கி வரிசையைக் கட்டின. ஒரு கருவியைக் கட்டும்போது ஆட்களும் சேர்ந்து உருவாகிறார்கள்.

5. அறிவித்த பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், வந்த பணத்தை நம்புங்கள்.

2020 பட்ஜெட்டில் குவாண்டத்துக்கு ஐந்தாண்டில் 8,000 கோடி என்று அறிவிப்பு வந்தது. ஒப்புதல் 2023-இல், எட்டாண்டுக்கு 6,003.65 கோடி. இடையில் மூன்றாண்டு. அந்த மூன்றாண்டில் ஒரு மாணவரின் ஆய்வுக்காலத்தில் பாதி போய்விடும். உங்கள் முதல் கட்டுரை, ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளால் முடியக்கூடியதாக இருக்கட்டும்.

இதோடு கொள்முதலையும் கற்றுக்கொள்ளுங்கள். இண்டெண்ட் எப்படி எழுதுவது, டெண்டரில் தொழில்நுட்ப விவரத்தை எப்படிச் சொல்வது, சுங்க விலக்குச் சான்று எந்த மேசையிலிருந்து வருகிறது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். விவரத்தில் ஒரு வரி தளர்வாக இருந்தால் மலிவான, உதவாத பொருள் வந்து சேரும். ஒரு வரி இறுக்கமாக இருந்தால் ஒரே ஒருவர்தான் விண்ணப்பிப்பார், டெண்டர் திரும்பிவிடும். அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் அம்மாவையும் அண்ணனையும் பெயர் சொல்லிப் பழகுங்கள். அவர்களுக்கு உங்கள் சோதனை எதைப் பற்றியது என்று ஐந்து நிமிடம் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். நான் கண்டது அது.

6. கூட்டாய்வு என்பது கையெழுத்து அல்ல, பயணம்.

புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. படம் எடுத்து, சால்வை போர்த்தி, கோப்பில் வைத்த பிறகு எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று பாருங்கள். உயிரோடு இருப்பவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு: ஓர் ஆய்வகத்துப் பிள்ளை இன்னோர் ஆய்வகத்தில் போய்த் தங்கி வேலை செய்திருப்பார்.

முன்பு சொன்ன 6 க்யூபிட் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். சில்லின் வடிவமும் செய்நேர்த்தியும் டாட்டா நிறுவனத்தில். அதைக் கட்டுப்படுத்தி அளக்கும் மின்னணு ஏற்பாட்டைச் சேர்த்தது புனேயிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகம். இணையம் வழியாக அதை இயக்கும் முகப்பு டி.சி.எஸ். செய்தது. கல்விக்கூடம், பாதுகாப்புத் துறை, தனியார் நிறுவனம் என்று மூன்று வேறு வேறு பழக்கவழக்கங்கள் கொண்ட இடங்கள். ஒன்றில் கட்டுரை வெளியாவது பெருமை, இன்னொன்றில் வெளியாகாமல் இருப்பது கடமை, மூன்றாவதில் கெடு முக்கியம். இவை ஒரே குளிர்ப்பெட்டியைச் சுற்றி நிற்க வேண்டியிருந்தது.

நீங்கள் அப்படி ஒரு குழுவில் சேர்ந்தால் முதல் வாரத்திலேயே நான்கைந்து விஷயங்களை எழுத்தில் வைத்துவிடுங்கள். மாதிரி யாருடையது? உடைந்தால் யார் திரும்பச் செய்வது? அளவீட்டுத் தரவு எந்த வடிவில், எங்கே இருக்கும்? கட்டுரையில் பெயர் வரிசை எப்படி? காப்புரிமை யாருக்கு? நட்பாக இருக்கும்போது இதைப் பேசுவது கூச்சமாக இருக்கும், மனம் கசந்த பிறகு பேச முடியாது. நம் ஊரில் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, இரு பக்கக் கைடுகளுக்கும் அனுப்பி, சரியா ஐயா, சரியா மேடம் என்று கேளுங்கள்.

மாதிரியைக் கூரியரில் மட்டும் அனுப்பாதீர்கள். கூடவே போங்கள். கௌஹாத்தியோ திருவனந்தபுரமோ, ரயில் ஏறிப் போய் அவர்கள் ஒர்க் ஷாப்பில் நில்லுங்கள். உங்கள் சில்லில் தங்கக் கம்பியை ஒட்டுகிற டெக்னீஷியன் எந்த முனையில் கை நடுங்குகிறது என்று சொல்வார். அடுத்த சில்லில் அந்த முனையைக் கொஞ்சம் பெரிதாக வைப்பீர்கள். அந்தத் திருத்தம் மின்னஞ்சலில் வராது.

சென்னைப் பிள்ளைகளுக்கு ஒன்று. தரமணியில் ஒரே சி.ஐ.டி. வளாகத்தில் கணித அறிவியல் நிறுவனமும், மறைகுறியியலும் இணையப் பாதுகாப்பும் பார்க்கும் செட்ஸ் அமைப்பும் இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் ஐ.ஐ.டி. சைக்கிளில் போகலாம். செமினாருக்குப் போங்கள், டீக்கடைக்கும் சேர்ந்து போங்கள்.

7. பாதுகாப்பு என்று சொல்லும் இடத்தில் முழு உண்மையைச் சொல்லுங்கள்.

நல்ல கண்ணாடி இழையில் ஒரு கி.மீ.க்கு 0.2 டெசிபெல் இழப்பு. 100 கி.மீ. தாண்டினால் நூறு ஃபோட்டானில் ஒன்று வரும். 200 கி.மீ.யில் பத்தாயிரத்தில் ஒன்று. 400 கி.மீ.யில் பத்து கோடியில் ஒன்று. 2,000 கி.மீ.க்கு நேராக அனுப்பினால், நொடிக்கு நூறு கோடி ஃபோட்டான் விட்டாலும், ஒன்று வந்து சேரப் பிரபஞ்சத்தின் வயது போதாது. சாதாரண ஒளித்தொடர்பில் செய்வதுபோல நடுவில் பெருக்கி வைக்கவும் முடியாது, ஏனென்றால் தெரியாத குவாண்டம் நிலையை நகலெடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை. திருடனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது.

அப்படியானால் 2,000 கி.மீ. எப்படி? இடையிடையே நிலையங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் சாவியைத் திறந்து மீண்டும் பூட்டி அனுப்புவது. சீனா 2017-இல் திறந்த பெய்ஜிங்-ஷாங்காய் தடத்தில் இப்படி 32 நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்துக்குள்ளும் சாவி வெறும் தகவலாகக் கிடக்கிறது. அங்கே காப்பது இயற்பியல் விதி அல்ல, பூட்டும் காவலாளியும். நினைவகம் கொண்ட உண்மையான ரிப்பீட்டர் வரும்வரை இதுதான் நிலை. வங்கி அதிகாரியோ ராணுவ அதிகாரியோ, உடைக்கவே முடியாதா என்று கேட்டால் இந்த இடத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

கருவியிலும் ஓட்டை இருக்கும். 2010-இல் நார்வேயின் டிரோண்ட்ஹெய்ம் ஆய்வாளர்கள் ஜெர்மன் குழுவோடு சேர்ந்து, விற்பனையில் இருந்த சாவிப் பரிமாற்றக் கருவிகளின் டிடெக்டரைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, தடமே இல்லாமல் சாவியை எடுத்துக் காட்டினார்கள். நெறிமுறையில் பிழை இல்லை; டிடெக்டர், கணிதம் நினைத்தபடி நடந்துகொள்ளவில்லை. அவர்கள் அதை உற்பத்தியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நீங்கள் ஒரு கருவியைச் செய்தால் பக்கத்து ஆய்வகத்துப் பிள்ளைகளை அழைத்து, இதை உடையுங்கள் என்று கையில் கொடுங்கள். உடைத்துவிட்டால் கட்டுரையில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிக்கும் தாங்கும் மூன்று கணித மறைகுறித் தரங்களை வெளியிட்டதையும் படித்திருங்கள். புதிய கண்ணாடி இழை இல்லாமல், மென்பொருளை மாற்றியே போடக்கூடியவை அவை. எந்த இடத்துக்கு அது போதும், எந்த இடத்துக்கு ஃபோட்டான் வேண்டும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நாடு நம்பும்.

8. வெளிநாடு போங்கள். ஆசிரியரோடு உறவை விடாதீர்கள்.

சீனாவின் ஜியன்-வெய் பான் வியன்னாவில் ஆண்டன் ஸைலிங்கரிடம் படித்து 1999-இல் முனைவர் ஆனார். ஊர் திரும்பி ஹெஃபேய் நகரில் குழு கட்டினார். 2016 ஆகஸ்டில் மிசியஸ் செயற்கைக்கோள் ஏறியது. மறு ஆண்டில் 1,200 கி.மீ. தள்ளியிருந்த இரு நிலையங்களுக்குப் பின்னிய ஃபோட்டான்களை அது பகிர்ந்தது. 2017 செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் நடுவே, அந்தக் கோள் தந்த சாவிகளைக் கொண்டு, காணொளியில் பேசினார்கள். வியன்னா முனையில் உட்கார்ந்திருந்தவர் ஸைலிங்கர். தேசியத் திட்டமும் நாடுகடந்த நட்பும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் காலம் இறுகிவருகிறது. போகும் இடத்தில் எந்தக் கருவியைத் தொடலாம், எந்த மென்பொருளை மடிக்கணினியில் கொண்டுவரலாம் என்று அந்த நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பி வருவதா இல்லையா என்பது உங்கள் குடும்பமும் நீங்களும் எடுக்க வேண்டிய முடிவு. வராதவரைத் துரோகி என்று பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு மாணவரை உங்கள் ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

9. கணினி மட்டுமே குவாண்டம் அல்ல.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட் என்ற மீகடத்திக் காந்த உணர்விகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அவற்றைக் கொண்டு இதயத்தின், மூளையின் காந்தப்புலத்தை, உடலைத் தொடாமல் அளக்கிறார்கள். செய்தித்தாளில் அதிகம் வராது. வேலை தேடும் பிள்ளைகள் அந்தப் பக்கமும் பாருங்கள். உணர்வித் துறையில்தான் பயன் முதலில் மக்கள் கைக்கு வரும் என்பது என் கணிப்பு.

10. உடம்பையும் வீட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை சில மாதம் தாமதமாகும். அது உங்கள் குறை அல்ல, ஆனால் வாடகை காத்திருக்காது. முதல் தொகை வந்ததும் மூன்று மாதச் செலவை ஒதுக்கி வையுங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய நிலை இருந்தால் கைடிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாமதமானால் எல்லா மாணவரும் சேர்ந்து, பெயர் போட்டு, பதிவாளருக்கு எழுதுங்கள்.

ஃப்ரிட்ஜ் குளிர இரண்டு நாள் ஆகும், ஹீலியம் கசிந்தால் நள்ளிரவில்தான் தெரியும். பெண் பிள்ளைகளை இரவு வேலையிலிருந்து விலக்கி வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். விலக்கினால் அவர்களுக்குக் கருவி கைவராது. விடுதிக்குத் திரும்ப வண்டியும், ஆய்வகத்தில் கூட இன்னொருவரும், பூட்டக்கூடிய ஓய்வறையும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆண் பிள்ளைகளே, நீங்களும் சேர்ந்து கேளுங்கள். திரவ நைட்ரஜன் இருக்கும் மூடிய அறையில் ஆக்சிஜன் மானி வேலை செய்கிறதா என்பதை ஆணும் பெண்ணும் தினமும் பார்க்க வேண்டும்.

வீட்டில் எப்போது முடிப்பாய் என்று கேட்பார்கள். 2025-இல் கிளார்க், டெவோரே, மார்ட்டினிஸ் மூவருக்கும் நோபல் கொடுத்தது அவர்கள் 1984, 1985-இல் பெர்க்லியில் செய்த சோதனைக்காக. அம்மாவிடம் நாற்பது ஆண்டு என்று சொல்ல வேண்டாம். இந்தத் துறை எவ்வளவு மெல்ல நகரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

11. செய்முறையை எழுதி வையுங்கள், யார் வேண்டுமானாலும் எடுக்கும் இடத்தில்.

2031-இல் இயக்கம் முடியும்போது உங்களில் பலர் வேறு ஊரில் இருப்பீர்கள். உங்கள் மேசையில் புதுப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருப்பார். கட்டுரையில் அலுமினியச் சந்தியின் அளவு இருக்கும். அதை எப்படிச் செய்தீர்கள் என்பது இருக்காது. ஆக்சிஜனை எந்த அழுத்தத்தில் எத்தனை நிமிடம் விட்டீர்கள், ரெசிஸ்ட் புட்டியைத் திறந்து எத்தனை வாரம் ஆகியிருந்தது, ஐப்பசி மழையில் சுத்த அறையின் ஈரப்பதம் எவ்வளவு ஏறியது, அந்த வாரம் செய்த சில்லுகளில் எத்தனை கெட்டன, எல்லாம் வேண்டும். கெட்டவற்றின் பட்டியல் நல்லவற்றின் பட்டியலைவிட நீளமாக இருக்கும். அதையும் வெட்டாமல் வையுங்கள். லேப் நோட்டின் படத்தைக் குழுவின் பொதுச் சேமிப்பகத்தில் வாரம்தோறும் ஏற்றுங்கள். உங்கள் மையத்தோடு சேர்ந்த மற்ற நிறுவனங்களுக்கும் அதைத் திறந்துவிடச் சொல்லி, அடுத்த குழுக் கூட்டத்தில் நீங்களே கேளுங்கள். தயங்குகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் நோட்டை முதலில் திறந்து வைத்துவிட்டுக் கேளுங்கள்.